பக்கத்து ஊர்ல 15 லட்சம் வருஷம்: அத்திரம்பாக்கம்

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



எனக்கு ஊர் ஆரம்பாக்கம். சொன்னா நிறைய பேர் "கேளம்பாக்கமா?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க. சென்ட்ரல்ல இருந்து சூலூர்பேட்டை லோக்கல் ஏறினா கும்மிடிப்பூண்டி, எளாவூர், அதுக்கு அடுத்தது ஆரம்பாக்கம். தமிழ்நாட்டோட கடைசி ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. கிழக்க போனா பழவேற்காடு ஏரி, மேற்க ஹைவே. காலேஜ்ல யாராவது "உங்க ஊர்ல என்ன விசேஷம்?"னு கேட்டா, என்கிட்ட இருந்த ஒரே பதில் "எங்க ஊரைத் தாண்டினா போன் 'வெல்கம் டு ஆந்திரா'ன்னு மெசேஜ் அனுப்பும்".

எங்களோடது செக்போஸ்ட், லாரி, சிப்காட் ஷிஃப்ட் பஸ், இதுக்குள்ளயே வளர்ந்த வாழ்க்கை. வரலாறுன்னா அது தஞ்சாவூர்ல இருக்கும், மதுரைல இருக்கும். இப்ப கீழடில இருக்கும். கும்மிடிப்பூண்டில இருக்காதுன்னு ரொம்ப நிச்சயமா நம்பிக்கிட்டு இருந்தேன்.

எங்கப்பா டிப்பர் லாரி டிரைவர். இந்தப் பக்கத்துல டிப்பர் டிரைவர்னா பெரும்பாலும் ரெண்டு சரக்குதான். ஒண்ணு சவுடு மண், இன்னொண்ணு கிராவல். தாழ்வான நிலம் வாங்கி ஃபேக்டரி கட்டறவங்க முதல்ல இடத்தை மேடாக்கணும். பிளாட் போடறவங்களுக்கும் அதே வேலைதான். அப்படி மேடாக்கின இடங்கள்ல எத்தனையோ எங்கப்பா கொட்டின மண்ணு. நான் படிச்சது அந்தக் காசுலதான். அதனால இன்னிக்கு நான் பேசப்போற விஷயத்துல நான் வெளியாள் மாதிரி நின்னு நியாயம் பேச முடியாது. அதை முதல்லயே சொல்லிடறேன்.

எங்க வீட்டு வாசக்கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க ஒரு கல் வெச்சிருப்போம். உள்ளங்கையை விரிச்ச அளவு இருக்கும். ஒரு பக்கம் குண்டா, இன்னொரு பக்கம் கூம்பி வரும். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். அப்பா ஏதோ ஒரு லோடுல இருந்து எடுத்துட்டு வந்தது. ரொம்ப நாள் அது லாரி சக்கரத்துக்கு முட்டு குடுக்கற கல்லா இருந்துச்சு, அப்புறம் கதவுக்கு வந்துச்சு. இந்தக் கல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

பூண்டி, ஒரு ஞாயித்துக்கிழமை

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் ஒரு ஃபிரெண்டும் பைக்ல பூண்டி ஏரி பாக்கப் போனோம். ஏரி நெறஞ்சு ஷட்டர் தெறந்திருக்காங்கன்னு யாரோ ஸ்டேட்டஸ் வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான் காரணம். கவரைப்பேட்டை, சத்தியவேடு, ஊத்துக்கோட்டை வழியா போனோம். நடுவுல ஆந்திராவுக்குள்ள போய் திரும்பத் தமிழ்நாட்டுக்குள்ள வருவீங்க.

அந்த ரூட்டைக் கொஞ்சம் கவனிச்சா நம்ம மாவட்டத்தோட உடம்பு புரியும். வடக்க ஆரணியாறு. ஆந்திரால கிளம்பி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி தாண்டி எங்க பழவேற்காடு ஏரில வந்து விழுது. தெக்க கொசஸ்தலை ஆறு. அது பூண்டி வழியா வந்து எண்ணூர்ல கடல்ல சேருது. ரெண்டு ஆத்துக்கும் நடுவுல உயரம் கம்மியான மலைத்தொடர் ஒண்ணு ஓடுது. அல்லிக்குழி மலைன்னு சொல்வாங்க. அது சாதாரண பாறை மலை இல்ல. கூழாங்கல்லை எல்லாம் அள்ளி மண்ணோட குழைச்சு இறுக்கின மாதிரி இருக்கும். கான்கிரீட் உடைஞ்சா உள்ள ஜல்லி தெரியும் பாருங்க, அதே மாதிரி. டைனோசர் காலத்து ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து போட்ட கல்லுங்க அது. பெரும்பாலும் குவார்ட்சைட்ங்கற வகை, ரொம்ப கடினம். மழை அந்த மலையைக் கரைக்கக் கரைக்க கல்லுங்க உதிர்ந்து அடிவாரத்துக்கு வரும். இந்தக் கல்லுதான் இன்னிக்கு கதாநாயகன்.

பூண்டில ஏரி பாத்துட்டு திரும்பும்போது சின்னதா ஒரு போர்டு. தொல்பழங்கால அகழ்வைப்பகம், தமிழ்நாடு தொல்லியல் துறை. 1985-ல ஆரம்பிச்சது. வெயில் தாங்காம நிழலுக்காக உள்ள போனோம், பொய் சொல்லல. உள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுல எங்க வீட்டு வாசக்கல்.

எங்க வீட்டுக் கல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதோட அண்ணன் தம்பி. அதே கூம்பு, அதே நிறம், அதே அளவு. கீழ 'கைக்கோடரி'ன்னு எழுதியிருந்தாங்க. ஊர் பேரு அத்திரம்பாக்கம். அங்கிருந்து பைக்ல கொஞ்ச தூரம்தான்.

1863: கிராவல் குழில கிடைச்ச கல்

கதை அத்திரம்பாக்கத்துல ஆரம்பிக்கல, பல்லாவரத்துல ஆரம்பிக்குது. ராபர்ட் புரூஸ் ஃபுட்னு ஒருத்தர். 1834-ல இங்கிலாந்துல பிறந்து, 1858-ல இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துல வேலைக்குச் சேர்ந்தவர். நிலக்கரி எங்க இருக்கு, இரும்பு எங்க இருக்கு, எந்தப் பாறை எந்த வயசு, இதுதான் அவரோட உத்தியோகம். 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்துல ராணுவ மைதானம் பக்கத்துல, கிராவல் தோண்டின ஒரு சின்னக் குழிக்கிட்ட ஒரு கல்லைப் பாக்கறார். குழில இருந்து வெளிய வாரிப் போட்ட குப்பைல கிடக்குது. இது தானா உடைஞ்ச கல் இல்ல, யாரோ தட்டித் தட்டிச் செஞ்சதுன்னு அவருக்குத் தோணுது.

ஏன் அவருக்குத் தோணுச்சு? வேற யாராவது அதைத் தாண்டிப் போயிருப்பாங்க, எங்கப்பா மாதிரி சக்கரத்துக்கு முட்டு குடுத்திருப்பாங்க. விஷயம் என்னன்னா, அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1859-ல, பிரான்ஸ்ல சோம் ஆத்துப் பள்ளத்தாக்குல கிராவல் அடுக்குல கிடைச்ச இதே மாதிரி கல்லுங்களை ஆங்கிலேய அறிஞர்கள் நேர்ல போய் பாத்து, 'ஆமா, அழிஞ்சுபோன யானை வகைகள் வாழ்ந்த காலத்துலயே மனுஷன் இருந்திருக்கான்'னு ஒத்துக்கிட்டாங்க. டார்வினோட புத்தகம் வந்ததும் அதே வருஷம்தான். ஃபுட் அந்தச் செய்தி எல்லாம் படிச்சிருந்தார். கண்ணு அதுக்குத் தயாரா இருந்துச்சு.

அதே வருஷம் செப்டம்பர் 28. ஃபுட்டும் அவர் கூட வேலை செஞ்ச வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆத்துப் பக்கம் வர்றாங்க. அவங்க அந்த ஆத்தை கோர்த்தலையார்னு எழுதினாங்க. ஆத்துல வந்து சேர்ற ஒரு ஓடை. அந்த ஓடையோட கரைல ஒண்ணு ரெண்டு இல்ல, ஏகப்பட்ட கருவிகள். அதுதான் அத்திரம்பாக்கம். 1866-ல ஃபுட் இதைப் பத்தி சென்னைல வந்த ஒரு இதழ்ல விரிவா எழுதறார். அதுக்கப்புறம் இந்தக் கைக்கோடரி மரபுக்கு 'மெட்ராஸ் தொழில்மரபு'ன்னு ஒரு பேரு வந்துருச்சு. திருவள்ளூர்க் கல்லுக்கு மெட்ராஸ் பேரு! அது இன்னிக்கும் அப்படித்தானே, நம்ம ஏரித் தண்ணிக்கும் 'சென்னைக் குடிநீர்'னுதான் பேரு.

ஃபுட் அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல தென்னிந்தியா முழுக்க சுத்தி நூத்துக்கணக்கான இடங்களைப் பதிவு பண்ணார். அவர் சேகரிச்சது 1904-ல சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்துச்சு. எழும்பூர் மியூசியத்துக்கு ஸ்கூல் டூர் போனவங்க அந்தக் கல்லுங்களைக் கண்டிப்பா தாண்டித்தான் போயிருப்பீங்க, பஞ்சலோகச் சிலை பாக்கற அவசரத்துல.

களிமண்ணுக்குள்ள என்ன இருந்துச்சு

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ஃபுட் கண்டுபிடிச்சார் சரி. ஆனா எவ்வளவு பழசு? அவருக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. நூறு வருஷத்துக்கு மேல தெரியல. 1930-கள்ல வெளிநாட்டுல இருந்து ஒரு குழு வந்துச்சு. அவங்களோட சேர்ந்தும் தனியாவும் வி.டி. கிருஷ்ணசாமி இந்தப் பள்ளத்தாக்கைப் படிச்சார். 1960-கள்ல இந்தியத் தொல்லியல் துறையோட கே.டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்துல குழி தோண்டிப் பாத்தார்.

அங்க ஒரு குழப்பம் இருந்துச்சு. மேல செம்புரைக் கிராவல் அடுக்கு, அதுல கருவிகள் இருக்கு. அதுக்குக் கீழ மெல்லிசு மெல்லிசா படிஞ்ச களிமண் அடுக்கு. இந்தக் களிமண்ணை டைனோசர் காலத்துக் களிப்பாறைன்னு நெனச்சாங்க. அந்தக் காலத்துல மனுஷனே கிடையாது. அப்ப அந்தக் களிமண்ணுக்குள்ள கருவி கிடைச்சா என்ன அர்த்தம்? வெயில்ல வெடிச்ச விரிசல் வழியா மேல இருந்து உள்ள விழுந்திருக்கும், இப்படித்தான் யோசிக்க முடியும்.

1999-ல சாந்தி பப்பு, அப்புறம் குமார் அகிலேஷ், சர்மா பாரம்பரியக் கல்வி மையம்ங்கற அமைப்புல இருந்து அங்க அகழாய்வு ஆரம்பிக்கறாங்க. சென்னைல இயங்கற அமைப்பு. அவசரமே படாம, அடுக்கு அடுக்கா, ஒவ்வொரு கல்லும் எந்த ஆழத்துல, எந்தச் சாய்வுல கிடக்குதுன்னு அளந்து எடுக்கறாங்க. சுமார் ஒன்பது மீட்டர் ஆழம் வரைக்கும் போறாங்க. மூணு மாடி வீடு உயரத்துக்குப் பள்ளம்னு வெச்சுக்கோங்க.

அப்பதான் தெரியுது, களிமண்ணுக்குள்ள கிடக்கற கருவிகள் மேல இருந்து விழுந்தது கிடையாது. விரிசல்ல விழுந்த கல்லு செங்குத்தா, தாறுமாறா சொருகிக்கிட்டு நிக்கணும். இங்க களிமண் அடுக்கு முழுக்க, மீட்டர் கணக்குல, வேற வேற ஆழத்துல, படிஞ்ச வாக்குல கருவிகள் கிடந்துச்சு. அது டைனோசர் காலத்துக் களிப்பாறையும் இல்ல. ஆறு கரைபுரண்டு வரும்போதெல்லாம் வண்டல் கொண்டுவந்து மெதுவா மூடின வெள்ளச் சமவெளி. ஒரு வெள்ளம் மூடும், திரும்ப ஆளுங்க வருவாங்க, கல்லைப் போட்டுட்டுப் போவாங்க, அடுத்த வெள்ளம் மூடும்.

சரி, வயசு எப்படிக் கண்டுபிடிக்கறது? கல்லுக்கு கார்பன் டேட்டிங் பண்ண முடியாது. அதுக்கு ஒரு காலத்துல உயிரோட இருந்த பொருள் வேணும். கார்பன் முறை அம்பதாயிரம் வருஷத்துக்கு மேல வேலையும் செய்யாது. அவங்க பண்ணது வேற. வானத்துல இருந்து காஸ்மிக் கதிர்கள் எப்பவும் பூமி மேல விழுந்துக்கிட்டே இருக்கு. இப்ப நீங்க கேட்டுக்கிட்டு இருக்கும்போதும் உங்க மேல விழுது. வெளிய கிடக்கற குவார்ட்ஸ் கல்லு மேல அது பட்டா கல்லுக்குள்ள ரெண்டு வகை அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா உண்டாகும். அலுமினியம்-26, பெரிலியம்-10. எந்த விகிதத்துல உண்டாகும்னு நமக்குத் தெரியும். கல்லு ஆழமா புதைஞ்சதும் கதிர் படறது நின்னுடும், புதுசா எதுவும் உண்டாகாது, இருக்கறது சிதைய ஆரம்பிக்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் வருஷத்துல பாதியாகும். பெரிலியம் மெதுவா, கிட்டத்தட்ட 14 லட்சம் வருஷத்துல பாதியாகும். ரெண்டு மெழுகுவத்தி ஒரே நேரத்துல ஏத்தி வெச்சிருக்கீங்க, ஒண்ணு வேகமா எரியுது, ஒண்ணு மெதுவா எரியுது. நடுவுல நீங்க வந்து ரெண்டோட உயரத்தையும் பாத்தீங்கன்னா எப்ப ஏத்தினாங்கன்னு சொல்லிடலாம் இல்லையா? அதேதான்.

இது போக இன்னொரு சாட்சியும் இருந்துச்சு. பூமியோட காந்த வடக்கும் தெற்கும் அப்பப்ப தலைகீழா மாறும். கடைசியா மாறினது சுமார் 7.8 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி. அந்தக் களிமண் படிஞ்சப்ப பூமியோட காந்தம் தலைகீழா இருந்திருக்கு. அது மண்ணுக்குள்ளயே பதிவாகியிருக்கு.

2011 மார்ச்ல 'சயின்ஸ்' இதழ்ல முடிவு வந்துச்சு. அடிலே இருக்கற கருவிகள் குறைஞ்சது 10 லட்சம் வருஷம் பழசு, சராசரியாப் பாத்தா சுமார் 15 லட்சம் வருஷம். அந்தக் கட்டுரைல பங்கெடுத்தவங்கள்ல ஒருத்தர் மாரிஸ் டையப். 'லூசி'ங்கற புகழ்பெற்ற எலும்புக்கூடு கிடைச்ச எத்தியோப்பியாவோட ஹதார் பகுதியை உலகத்துக்குக் காட்டின புவியியலாளர் அவர்தான். அவர் திருவள்ளூர் மாவட்டத்துக் களிமண்ணையும் படிச்சிருக்கார்.

15 லட்சம்ங்கறது நாக்குல ஈஸியா வந்துடுது, மனசுல நிக்க மாட்டேங்குது. அதனால எனக்குத் தெரிஞ்ச டிரெயின் கணக்குல சொல்றேன். சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர். சென்ட்ரல்தான் இன்னிக்கு, கும்மிடிப்பூண்டிதான் 15 லட்சம் வருஷம் முன்னாடின்னு வெச்சுக்கோங்க. கும்மிடிப்பூண்டில யாரோ ஒருத்தங்க கைக்கோடரி செய்யறாங்க. பொன்னேரி வருது, மீஞ்சூர் வருது, அத்திப்பட்டு, எண்ணூர், இன்னும் நம்ம இனம், ஹோமோ சேபியன்ஸ், பிறக்கவே இல்ல. திருவொற்றியூர் பக்கம் வரும்போதுதான் ஆப்பிரிக்கால நம்ம ஆளு தலை காட்டறான். கீழடி எங்க வரும்? அதோட வயசு 2,600 வருஷம்னு சொல்றாங்க. டிரெயின் சென்ட்ரல் பிளாட்ஃபாரத்துக்குள்ள நுழைஞ்சு, நிக்கறதுக்கு இன்னும் நாலு பெட்டி தூரம் இருக்கும்போது.

கீழடியைக் குறைச்சுச் சொல்றதா நெனைக்காதீங்க, அங்க எழுத்து இருக்கு, ஊர் இருக்கு, அது வேற பெருமை. அத்திரம்பாக்கத்துல இருந்தவங்களை நம்ம மூதாதைன்னுகூட சொல்ல முடியாது. தமிழ் பேசினாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்தா தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அவங்க எந்த மனித இனம்னே தெரியாது. ஏன்னா அங்க ஒரு மனுஷ எலும்புகூட கிடைக்கல. இந்தியாவுல பழைய மனித மண்டையோடுன்னு பேசறதே 1982-ல நர்மதைக் கரைல ஹத்நோரால கிடைச்ச ஒண்ணைத்தான். இங்க குதிரை இனம், மாட்டு இனம் மாதிரியான விலங்குகளோட பல்லு சிலது கிடைச்சிருக்கு. விலங்குகள் ஈர மண்ணுல நடந்த தடம் கிடைச்சிருக்கு. தண்ணி குடிக்க வந்த மாடோ என்னவோ சேத்துல கால் வெச்ச தடம் அப்படியே காஞ்சு, மூடி, இத்தனை லட்சம் வருஷம் கழிச்சு வெளிய வருது. எனக்கு கைக்கோடரியை விட இதுதான் புல்லரிச்சுது.

நுங்கு வெட்டற மாதிரி

2018-ல இன்னொரு கட்டுரை, இந்தத் தடவை 'நேச்சர்'ல. இது மேல் அடுக்குகளைப் பத்தினது. ஏழாயிரத்துக்கும் மேல கருவிகளை ஆராய்ஞ்சாங்க. அதுல கைக்கோடரி குறைஞ்சுக்கிட்டே வந்து, சின்ன, கூர்மையான சில்லுக் கருவிகள் வருது. அதைச் செய்யற முறையே வேற. லெவால்வா முறைன்னு பேரு, பாரிஸ் பக்கத்துல ஒரு இடத்தோட பேரு அது.

நுங்கு வெட்டறவரைப் பாத்திருப்பீங்க. முதல் வெட்டுலயே நுங்கு கைக்கு வராது. சுத்தி சீவுவார், மேல ஒரு சீவு, கண்ணு தெரியற மாதிரி ஒரு சீவு. அந்த வெட்டு எல்லாம் கடைசி வெட்டுக்கான ஏற்பாடு. லெவால்வாவும் அப்படித்தான். பெரிய கல்லை முதல்ல நாலு பக்கமும் சீவி ஒரு வடிவத்துக்குக் கொண்டுவரணும். அப்புறம் ஒரே அடி, தான் நெனச்ச அளவுல, நெனச்ச வடிவத்துல சில்லு தெறிச்சு வரும். அப்படின்னா அடிக்கறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள அந்தச் சில்லோட உருவம் இருக்கணும்.

இந்த மாற்றம் இந்தியாவுக்கு சுமார் 1,25,000 வருஷத்துக்கு முன்னாடி, ஆப்பிரிக்கால இருந்து வந்த நவீன மனிதர்களோடதான் வந்துச்சுன்னு ஒரு கருத்து பலமா இருந்துச்சு. அத்திரம்பாக்கத்துல அது சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்குதுன்னு இந்தக் கட்டுரை சொன்னுச்சு. ஆப்பிரிக்காலயும் ஐரோப்பாலயும் இது நடந்த அதே காலகட்டம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னா, இல்ல. இதை அந்த வகைல சேர்க்கலாமா, யாரு செஞ்சது, வெளிய இருந்து வந்ததா இங்கயே வளர்ந்ததான்னு இன்னும் விவாதம் போகுது. எலும்பு கிடைக்காத வரைக்கும் போகும்.

ஏன் இதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாங்கன்னு கேட்டா, பதில் பைக்ல போகும்போதே தெரியும். பக்கத்துல கல்லு உதிர்ற மலை, பக்கத்துல தண்ணி, தண்ணிக்கு வர்ற விலங்கு. அந்த மலைல கூடியம் குகைகள் இருக்கு, டிரெக்கிங் போறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிரமாண்டமா இருக்கும். ஆதிமனுஷன்னா குகைன்னுதான் நாம நெனைக்கறோம். ஆனா அங்க அகழாய்வு பண்ணப்ப கிடைச்சது கொஞ்சம்தான். குவியல் குவியலா கிடைச்சது இந்த வெட்டவெளி ஓடைக்கரைல.

"எங்க கிடைச்சது?"

இப்ப வாசக்கல்லுக்கு வர்றேன். மியூசியத்துல இருந்து வந்ததும் முதல் வேலையா அதைக் கழுவி, போட்டோ எடுத்து, தொல்லியல் படிச்ச ஒரு நண்பருக்கு அனுப்பினேன். நேர்லயும் கொண்டுபோய் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஓரத்துல சில்லு தெறிச்ச தழும்புகளை விரல்ல தடவிப் பாத்தார். "கைக்கோடரியா இருக்க வாய்ப்பு இருக்கு"ன்னார். எனக்கு சந்தோஷம் தாங்கல. அடுத்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "எங்க கிடைச்சது?"

தெரியாதுன்னேன். ஏதோ ஒரு லோடு கிராவல்லன்னேன். அவர் கல்லைத் திருப்பிக் குடுத்துட்டார். "அப்ப இதை வெச்சு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லப்பா. எந்த அடுக்கு, கூட என்ன கிடந்துச்சு, மேல என்ன மண், கீழ என்ன மண், அதுதான் விஷயம். கல்லு வெறும் கல்லு."

அந்தக் களிமண் கதையை யோசிச்சுப் பாருங்க. கல்லு படுத்திருந்ததா நின்னுக்கிட்டிருந்ததாங்கறதுதான் டைனோசர் காலக் களிப்பாறைங்கற முடிவையே மாத்துச்சு. 15 லட்சம்ங்கற எண்ணு கிடைச்சது, அந்தக் கல்லு அவ்வளவு காலமா யாரும் கலைக்காத ஆழத்துல புதைஞ்சு கிடந்ததாலதான். வெளிய எடுத்து ஆட்டோவுல போட்டுட்டா எந்த ஆழத்துல புதைஞ்சிருந்துச்சுங்கற தகவலே போயிடும். ஒரு ஜேசிபி வாளி ஒரே அள்ளுல ரெண்டு மூணு அடுக்கைச் சேத்து அள்ளும். அதுல பல ஆயிரம் வருஷ வித்தியாசம் இருக்கலாம். லாரிக்கு எல்லாம் ஒரே யூனிட்தான்.

அப்பாக்கிட்ட கேட்டேன். "அந்தக் கல்லு எந்தக் குவாரிப்பா?" அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். "சத்தியவேடு ரோட்டுல ஓட்டினப்பவா... இல்ல, ஊத்துக்கோட்டைப் பக்கமா... ஒரு நாளைக்கு ஆறு ட்ரிப்புடா. எல்லாம் சிவப்பு மண்ணுதான், எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?" கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டார்: "இந்த மாதிரி கல்லு நிறைய வரும்டா. ஜல்லில கலந்துடக் கூடாதுன்னு பொறுக்கி ஓரமா வீசுவோம். அதெல்லாமுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எல்லாக் கூம்புக் கல்லும் கைக்கோடரி இல்லப்பான்னு சொல்லி சமாளிச்சேன். அதுவும் உண்மைதான். ஆனா அவர் அன்னிக்கு சாப்பிடும்போது பேசவே இல்ல.

இதுல யாரைக் குத்தம் சொல்றது? எங்க வீடும் மேடாக்கின நிலத்துலதான் நிக்குது. நீங்க வேலை செய்யற ஐ.டி. பார்க்குக்குக் கீழயும் எங்கயோ இருந்து வந்த மண் இருக்கும். ஃபுட்டுக்கு முதல் கல்லு கிடைச்சதே ஒரு கிராவல் குழிலதான், யாரோ தோண்டாம இருந்திருந்தா அவர் பாத்திருக்கவே மாட்டார். தோண்டறது தப்புன்னு சொல்ல வரல. தோண்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை யாராவது தெரிஞ்சவங்க வந்து பாத்துட்டுப் போனா என்னங்கறதுதான் என் கேள்வி. ஒரு இடத்துல சவுடு எடுக்க எத்தனையோ கையெழுத்து வாங்கறோம். இந்த ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கற நிலத்துக்காவது கூட ஒரு கையெழுத்து வாங்கினா குடி முழுகிடாது.

போறவங்களுக்கு

போகணும்னு தோணினா, திருவள்ளூர்ல இருந்து ஊத்துக்கோட்டை போற ரோட்டுலதான் பூண்டி. நேரா அத்திரம்பாக்கத்துக்குப் போகாதீங்க, முதல்ல மியூசியம் பாருங்க. இல்லைன்னா அங்க போய் நின்னா உங்களுக்கு வயலும் ஓடையும் முள்ளுச்செடியும்தான் தெரியும். தோண்டின பள்ளம் எல்லாம் திறந்து கிடக்கும், போர்டு வெச்சு டிக்கெட் குடுப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க. அது மக்கள் விவசாயம் பண்ற ஊர்.

ஏரியையும் பாருங்க. சத்தியமூர்த்தி சென்னை மேயரா இருந்தப்ப முன்னெடுத்து, 1944-ல திறந்தது. அவர் அதுக்கு முந்தின வருஷமே இறந்துட்டார், ஏரிக்கு அவர் பேரு வெச்சாங்க. சென்னைல இருந்து கேக்கறவங்க, உங்க வீட்டுக் குழாய்ல இந்த ஆத்துத் தண்ணி வந்திருக்கும். ஆந்திரால இருந்து கால்வாய்ல வர்ற கிருஷ்ணா தண்ணியும் இங்கதான் வந்து சேருது.

ஓடைக்கரைல கூம்பா ஒரு கல்லு கண்ணுல பட்டா, போட்டோ எடுங்க, லொகேஷன் ஆன்ல இருக்கட்டும், கல்லை எடுக்காதீங்க. ஷெல்ஃப்ல வெக்க அழகாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. இப்ப அது வாசல்ல இல்ல. அம்மா அதை எடுத்து சாமி அலமாரிக்குக் கீழ வெச்சிருக்காங்க, கதவுக்கு ஒரு செங்கல் வந்தாச்சு.

அடுத்த எபிசோடுல எங்க கிழக்குப் பக்கம் போலாம், பழவேற்காடு. டச்சுக்காரங்க 1613-ல கட்டின கோட்டையும், அங்க இருக்கற கல்லறைல செதுக்கியிருக்கற எலும்புக்கூடுகளும். பாக்கலாம்.